கிளட்ச் பெடலில் ஒரு கால்

கழுத்தும் தோளும் கழன்று விழுவதுபோல வலித்தது சேசுராஜுக்கு. காலையிலிருந்து இரண்டு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த வலி. காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகும் பாதையோரம் அவனுடைய தகரக் கொட்டகை, உச்சிவெயிலில் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. இன்றைக்கு இனி எந்த வண்டிக்கு அடியிலும் போவதில்லை என்று சாக்கை விரித்துச் சாய்ந்தபோதுதான் அந்த வேன் வந்து நின்றது.

கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றும் பழைய வேன். டிரைவர் சேக் பரீது இன்ஜினை நிறுத்தவில்லை.

"நிறுத்துனா ஊரே கூடித் தள்ளணும்ணே, பேட்டரி மௌத்தாயிருச்சு. கிளட்ச் சரியா விட மாட்டேங்குது. கியர் போட்டா கடிக்கிது."

"நீ ஓட்டுற லட்சணத்துக்குக் கடிக்காம முத்தமா குடுக்கும்?"

"அது மட்டுமில்லண்ணே. பெடல்ல கால வச்சா, எனக்கு முந்தியே வேற யாரோ கால் வச்சிருக்காப்புல இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சேசுராஜ் சிரிக்கவில்லை. கதவோரம் வெள்ளைப் பெயிண்டு உரிந்த இடத்தில் நீலம் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன், அறுபத்தெட்டில், இதே கொட்டகையில் இதே வேன் நீலமாக நின்றது. அடியில் அக்கா புருஷன் உபகாரசாமி படுத்திருந்தார். கொட்டகை அவருடையது. இன்ஜினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி மேலே உட்கார்ந்திருந்தவன் சேசுராஜ். அன்று காலை நாலு வாடிக்கைக்காரர் முன்னால், "சோத்துக்கு வந்த நாயே" என்று மச்சான் அவனைச் செருப்பால் அடித்திருந்தார். சேசுராஜ் கிளட்சிலிருந்து காலை எடுத்தான். அவ்வளவுதான், வண்டி நகர்ந்து சக்கரம் மச்சான்மேல் ஏறியது. போலீஸ் வருவதற்குள் கிளட்ச் ராடின் பின்னைக் கழற்றி ஊருணியில் எறிந்துவிட்டு, அந்தப் பின் தானாகத் தெறித்துவிட்டது என்று கதறினான். ஊர் நம்பியது. அக்கா அடைக்கலமேரியும் நம்பினாள். கொட்டகை அவன் கைக்கு வந்தது.

முடியாது என்று அனுப்பிவிடலாம். ஏன் என்று கேட்பான்.

பின்சக்கரத்துக்கு முன்னால் கருங்கல்லை வைத்தான். "நியூட்ரல்ல போட்டு உக்காரு. சொன்னா மிதி, சொன்னா விடு." ஸ்பானரோடு பக்கவாட்டில் அடியில் நுழைந்தான். கால்கள் வெளியே கிடந்தன. விலாவிலிருந்து ஒரு முழத்தில் பின்சக்கரம்.

"மிதி."

கிளட்சைத் தள்ளும் இரும்புக் கவை பாதிதான் நகர்ந்தது. "விடு." திரும்பியது. ராடில் தொளதொளப்பு. நட்டை நாலு சுற்று முறுக்கினால் தீர்ந்தது. சூடேறிய எண்ணெய் நெற்றியில் சொட்ட, புகையும் பழஞ்சாம்பார் வாடையும் மூக்கை அடைக்க, தகரம் வெயிலில் விரிந்து படபடக்கும் ஓசையினூடே, தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் கனத்த உடம்பு ஒன்று ஏறியதுபோல முனகுவதை அவன் கேட்டான். பரீது ஒல்லிக்குச்சி.

"மிதி."

கவை முழுசாக நகர்ந்தது. பலகையில் குதிங்கால் தட்டியது. டொக். டொக்.

ஸ்பானர் நின்றுவிட்டது. இன்ஜின் இரைச்சலில் பேச்சுத் தெளிவாகக் கேட்காது, மிதித்தவன் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்பது உபகாரசாமி வைத்த வழக்கம். அவரோடு அது போயிற்று. பரீதுக்குத் தெரிய நியாயமில்லை.

கடக்கென்று முதல் கியர் விழுந்தது.

"கியர எதுக்குடா போட்டே, கூறுகெட்டவனே?"

"அண்ணே!" பரீதின் குரல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து வந்தது. "ஒங்களுக்குச் சீனி கூடப் போடச் சொல்லவா?"

சேசுராஜ் மூச்சை அடக்கினான். குதிகாலை ஊன்றி உடம்பை ஓர் அங்குலம் வெளியே இழுத்தான். கவை ஓர் அங்குலம் திரும்பியது. வண்டி உறுமியது. அசையாமல் கிடந்தான். கவை நின்றது.

கல்லைத் தேடினான். மண்ணில் கல் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

கல் இல்லை.

செருப்புச் சத்தம். பரீதின் கால்கள்.

"வண்டிய நிறுத்துடா..." குரல் காற்றாகத்தான் வந்தது. பரீது கதவைத் திறந்தான்.

"அடடா, ஆள் இருக்கீகளா? தெரியாமப் போச்சு. ரெண்டு டீதான் வாங்குனேன், ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரேன். பாத்து மிதிங்கண்ணே, அடியில எங்க அண்ணன் கெடக்காரு."

கதவைச் சாத்தினான். செருப்புகள் ரோட்டைத் தாண்டிப் போயின.

"மச்சான்... நாந்தான் கால எடுத்தேன். பின்னு தெறிக்கல. அக்காட்டச் சொல்லிர்றேன். மாதாவே, சொல்லிர்றேன்."

கவை மயிரிழை மயிரிழையாகத் திரும்பியது. வண்டி ஒருமுறை குலுங்கியது. சக்கரத்தின் ரப்பர் விலாவைத் தொட்டது. சட்டையைக் கவ்வியது. அழுத்தியது. நின்றது.

மேலே காலுக்கு அவசரமில்லை.

உபகாரசாமிக்குச் சேசுராஜ் தரவேண்டியது ஓர் உயிர். அது இன்னும் பாக்கி.