குடும்ப அட்டையில் ஒரு மரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பரங்கிப்பேட்டை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடும்பத் தலைவர் அபுல் ஹசன், வயது எழுபத்திரண்டு. அவருடைய தங்கை அஜீசுன்னிசா. கணவர் தவ்ஹீதைப் பறிகொடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. அபுல் ஹசனின் மகன் முஹம்மது ஆசிக், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவன். ஆசிக்கின் மனைவி சாய்ரா. பெற்றோரை இழந்து அந்த வீட்டிலேயே வளர்ந்த, அபுல் ஹசனின் தம்பி மகள் ஃபஹீமா, வயது இருபத்தாறு; பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆறாவது ஆள் வரவில்லை. வாசல் கதவு தாழிட்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஊரார் தங்கள் இஷ்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை. காலை 10.20. ரேஷன் கடை.

விற்பனையாளர் கலைமணி இயந்திரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க பேரு வரலியே."

"கைரேகை தேஞ்சிபோச்சி தாயி. கண்ணை வச்சுப் பாரு" என்றார் அஜீசுன்னிசா.

"ரேகை இல்லம்மா. பேரையே எடுத்திருக்காங்க. காரணம்..." கலைமணியின் குரல் தணிந்தது. "இறப்புன்னு போட்டிருக்குது."



"அப்ப இங்க நிக்கிறது யாரு?" என்றார் அஜீசுன்னிசா.

மாமியின் முழங்கையைப் பிடித்திருந்த ஃபஹீமா ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

"வேற யார் பேரு இருக்குது, பாருங்களேன்" என்றாள் ஃபஹீமா.

"அபுல் ஹசன், ஆசிக், சாய்ரா, தவ்ஹீத், ஃபஹீமா."

"தவ்ஹீத் மாமா மௌத்தாகி ஒரு வருசமாச்சே!"

"கார்டுல அவரு உயிரோடதான் இருக்காரு" என்றாள் கலைமணி.

பகல் 12.15. வீட்டுக் கூடம்.

ஆசிக் தன் போனில் விண்ணப்பத்தின் விவரத்தைத் தோண்டி எடுத்தான். "பத்து நாளைக்கு முந்தி, ஞாயித்துக்கிழமை, பதினொன்னு இருபத்தெட்டு. கூடவே ஒரு சர்டிபிகேட் ஏத்தியிருக்காங்க. தவ்ஹீத் மாமாவோட இறப்புச் சான்று. அதுல மனைவி பேரு அஜீசுன்னிசான்னு இருக்குல்ல, அந்தப் பேரைப் பார்த்துட்டே எவனோ சரின்னு அனுப்பியிருக்கான். ஓடிபி போன நம்பர்..." அவன் நிறுத்தினான். "ஃபஹீமா நம்பர்."

சான்று கூடத்துத் தகரப் பெட்டியில் எல்லார் கைக்கும் எட்டும்படி இருந்தது. ஃபஹீமாவின் போன் அந்த ஞாயிறன்று அதே கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதற்குப் பூட்டும் கிடையாது. ஆனால் அவள் வேலை செய்வது சிதம்பரத்தில் ஓர் இ-சேவை மையத்தில். அந்த இணையப் பக்கங்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இந்த வேலை தெரிஞ்சவ இந்த வீட்டுல ஒருத்திதான்" என்றாள் சாய்ரா.

"மச்சி, அந்தப் பக்கத்துல படத்துல இருக்குற எழுத்தைப் பார்த்து அடிக்கணும். என் போன் அதைப் படிச்சுச் சொல்லாது. சென்டர்லயே கூட வேலை பார்க்குற எழிலன்தான் பார்த்துச் சொல்வாரு" என்றாள் ஃபஹீமா அண்ணியிடம்.

"இங்கயும் யாரோ சொல்லியிருப்பாங்க. மாமியோட மாடிப் பங்கு உனக்குத்தான்னு தெருவுக்கே தெரியுமே."

ஃபஹீமா சாய்ராவின் பக்கம் திரும்பினாள். தாயாக நின்று வளர்த்தவளை, ஒரு மாடிக்காக!

"திங்கக்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப்போறேன்" என்றான் ஆசிக். "யார் செஞ்சதுன்னு அதுல எழுதணும். அதுவரைக்கும் இவ வேலைக்குப் போக வேணாம். மாமியைச் சாகடிச்சவ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான்னு ஊரு சொல்லும்."

எல்லாரும் அபுல் ஹசனின் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு எழுத்தராக இருந்தவர். ஒரு பொய்க் கையெழுத்துக்கு மேலதிகாரியையே எதிர்த்து நின்றவர். குடும்பத்தின் மேல் ஒரு தூசு விழுந்தாலும் கூடம் அதிரக் கேட்பவர்.

"ம்" என்றார் அபுல் ஹசன். அவ்வளவுதான்.

அன்று அவள் கேட்ட அத்தனையிலும் அந்த ஒற்றை எழுத்துதான் ஃபஹீமாவை உலுக்கியது.

"நானா, எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க" என்றாள் அண்ணன் ஆசிக்கிடம். "சென்டர் சாவியை ஒப்படைச்சுட்டு வந்துடறேன்."

வியாழன். காலை 7.30.

ஃபஹீமா கிளம்பும்போது பெரியத்தா அபுல் ஹசன் கூடத்தில் பேப்பரோடு இருந்தார். முன்பெல்லாம் அவர் படிப்பது தெருமுனை வரை கேட்கும். ஒரு தலைப்பை உரக்கப் படிப்பார், உடனே ஒரு திட்டு விழும். சில மாதங்களாகத் தாள் புரளும் ஓசை மட்டும்தான். அதுவும் எண்ணிவைத்தாற்போல, ஒரே இடைவெளியில்.

காலை 9.40. சிதம்பரம்.

"பேட்டரி சீக்கிரம் எறங்குது, பத்து நாளா" என்று போனை எழிலனிடம் நீட்டினாள் ஃபஹீமா. "அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு வந்து எடுத்தப்ப வாயே திறக்கல. ஊமையாக் கெடந்துச்சு. நான்தான் மறுபடியும் பேச வச்சேன்."

வாங்கிப் பார்த்த எழிலன் கண்ணைச் சுருக்கினான். "எறங்காம என்ன செய்யும்? உன் போன் வெளிச்சத்துல ஒரு கல்யாணமே நடத்தலாம். நானே கேக்கணும்னு இருந்தேன். எழுத்தையும் ஏன் இவ்ளோ பெருசா வச்சிருக்க? ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்குது. உனக்கு எதுக்கும்மா இது?"

பார்வையில்லாதவர்கள் பலர் செய்வது போல ஃபஹீமாவும் திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருப்பாள். திரை அவளுக்கு எதற்கு? அவளுக்குக் குரல் போதும்.

"எழிலன், நம்ம ரேஷன் பக்கத்தைத் திறங்க. எழுத்து அப்படியே பெருசா இருக்கட்டும். என்ன ஆகுதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் சாவியை ஒப்படைக்காமல் பஸ் ஏறினாள்.

மாலை 5.30. வீட்டுக் கூடம். ஐந்து பேரும் இருந்தார்கள்.

"மச்சி, அந்த ஞாயித்துக்கிழமை பதினொன்னரைக்கு எங்க இருந்தீங்க?"

"நீ என்னா போலீசா? அடுப்படியில. சங்கரா மீன் ஆஞ்சிக்கிட்டிருந்தேன்."

"நடுவுல வெளிய வந்தீங்களா?"

"மூணு கிலோ மீனு. எங்கேர்ந்து வர?"

"சரிதான். அன்னிக்கு என் போன்ல மீன் வாடை இல்ல. ஆசிக் நானா, நீங்க?"

"மாடியில தண்ணித் தொட்டி கழுவினேன்."

"மாமிக்கு எழுத்து தெரியாது. நான் குளிச்சிக்கிட்டிருந்தேன். பெரியத்தா?"

"இங்கதான். பேப்பர் படிச்சேன்."

"நானா, உங்க போன்ல அந்தப் பக்கத்தைத் திறங்க. எழுத்தை முழுசாப் பெருசாக்குங்க. தவ்ஹீத் மாமா பேருக்கு நேரா இருக்குற கட்டத்தைத் தொடுங்க. அனுப்பிடாதீங்க."

ஓடிபி அவள் போனுக்கு வந்தது, குரல் படித்தது. ஆசிக் எண்ணை அடித்தான். பின் "யா அல்லாஹ்!" என்றான். "பேரெல்லாம் உடைஞ்சு ரெண்டு ரெண்டு வரியாப் போகுது. கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு பேரு கீழ எறங்கி நிக்குது. மாமா பேருக்கு நேராத் தொட்டா மேல் பேருல விழுது. சாய்ரா மேல!"

"அய்யோ, என்னையும் சாகடிச்சிடாதீங்க!" என்று சாய்ரா அலறினாள்.

"போன வாரம் வரைக்கும் மாமா பேருக்கு மேல இருந்தது அஜீசு மாமி" என்றாள் ஃபஹீமா. "செஞ்சவங்க நீக்கப் போனது மாமியை இல்ல, மௌத்தானவரை. அதான் அவரு சர்டிபிகேட்டை ஏத்தியிருக்காங்க. வரி சறுக்கினது அவங்களுக்குத் தெரியல."

"யாரு?" என்றான் ஆசிக்.

"என் போனை ஊமையாக்கி, வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் ஏத்தியிருக்காங்க. அப்ப அது கண்ணுள்ளவங்க. உங்களுக்கும் மச்சிக்கும் பொடி எழுத்தே தெரியும். எழுத்தை இவ்ளோ பெருசாக்க வேண்டியவங்க, கண்ணு இருந்தும் பார்வை மங்கினவங்க. வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்தத் தெரியல. மாத்தாதது எனக்கும் தெரியாது." அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "பெரியத்தா, நீங்க பேப்பரைப் புரட்டுறீங்க. படிக்கல."

அஜீசுன்னிசா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார்.

அபுல் ஹசன் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். "மௌத்தானவன் பேருல சர்க்கரை வாங்குற குடும்பம்னு ஒருத்தன் நம்மளச் சொல்லிடக் கூடாது" என்றார். "அஜீசுகிட்ட சொன்னா, அவரு பேரை எடுக்காதீங்கன்னு அழுவா. இந்தப் புள்ளைகிட்ட கேட்டா, ஏன் பெரியத்தா நீங்களே பண்ணலியான்னு கேக்கும். கண்ணு தெரியலன்னு சொல்லணும். வயசானவங்களுக்கு எழுத்தைப் பெருசாக்கிக் குடுப்பேன்னு அதுதான் ஒரு நாள் சோறு திங்கிறப்ப சொல்லிச்சு. கேட்டு வச்சிருந்தேன்."

"நேத்து கடையிலேர்ந்து வந்து சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா, வாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இவளை..."

"தெரிஞ்சும்தான்."

ஆசிக் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தன் தகப்பனாரிடமிருந்து அப்படி ஒரு சொல்லை அவன் அதுவரை கேட்டதில்லை. சாய்ரா மெல்ல வந்து ஃபஹீமாவின் கையைப் பிடித்தாள். ஃபஹீமா அதை விலக்கவுமில்லை, பற்றிக்கொள்ளவுமில்லை.

"நீ நாளைக்கு வேலைக்குப் போ" என்றார் அபுல் ஹசன். "திங்கக்கிழமை லீவு போடு. கடலூருக்கு நான் வரேன். மனுவை நீ அடி."

திங்கள். காலை 10.50. கடலூர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மனுவில் கேட்டவை மூன்று. உயிரோடிருக்கும் அஜீசுன்னிசாவை அட்டையில் சேர்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் கட்டம் அந்தந்தப் பெயருக்கு நேராக நிற்க வேண்டும். படத்திலுள்ள எழுத்தை, பார்க்க முடியாதவர்களுக்குக் குரலில் சொல்ல வேண்டும். தவறு செய்தவர் பெயர் என்ற இடத்தில் அபுல் ஹசன் என்று அடித்திருந்தது. அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் அபுல் ஹசன். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "கையெழுத்து எங்கம்மா போடணும்?" என்று கேட்டார்.

எழுத்தராக இருந்தவர் வாழ்நாளில் முதல் தடவையாக அதைக் கேட்டார். ஃபஹீமா மனுவின் கீழ் ஓரத்தை விரலால் தடவி, இடத்தைக் கண்டு, அவர் கையை அங்கே வைத்தாள்.

மாடிப் பங்குக்காகப் பார்வையில்லாத பெண் தன் மாமியை அட்டையில் சாகடித்தாள் என்று பரங்கிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். செய்தவர் அபுல் ஹசன். அப்படியே சொல்லச் சொன்னவரும் அவர்தான்.