திரைக்குப் பின்னால் ஒரு முகர்ரர்

பள்ளிவாசல் ஊருக்கு மேலே, தேயிலைக் காட்டின் நடுவில் நிற்கும் அந்தப் பழைய துரை பங்களாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. நல்ல மழை. ஜீப்பிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கிய ஜின்சன், "உள்ள போயிருவீகளாண்ணே?" என்று கேட்டான். ஜின்சன் என் தபலாக்காரன். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன்.

"வாசல் பெருசாத்தானடா இருக்கு" என்றேன். பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். நல்ல ஜோக் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பங்களா இப்போது ரிசார்ட். அங்கே பதினோரு வருடம் கஜல் பாடியிருக்கிறேன். எஸ்டேட் லயத்தில் பிறந்த இந்த மிக்கேலுக்கும் உருதுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வாலிபத்தில் கொச்சியில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவினேன். ஒரு சாயங்காலம் அங்கே வயதான பாடகர் ஒருவர் கஜல் பாடினார். ஒரு சொல்லும் புரியவில்லை. யாருக்காகவோ உருகுகிறார், அது கடவுளா காதலியா என்று கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. சோப்பு நுரைக் கையோடு நின்று அழுதேன். அவ்வளவுதான், விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

கஜலில் ஒரு வழக்கம் உண்டு. ஈரடியில் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்த வேண்டும். கேட்பவர் 'வாஹ்' என்பார். நெஞ்சில் தைத்துவிட்டால் 'முகர்ரர்' என்பார். மறுபடியும் என்று அர்த்தம். கேட்டுவிட்டால் பாடகன் மறுக்கக் கூடாது. அதே வரியைத் திரும்பப் பாடிவிட்டுத்தான் இரண்டாவது வரிக்குப் போக வேண்டும்.

ரிசார்ட் விருந்தாளிகளுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் வரியில் நிறுத்தினால் கரண்ட் போய்விட்டதா என்று விளக்கைப் பார்ப்பார்கள். அதனால் ஆள் வைத்தேன். அந்த ஆள் என் மனைவி கத்தரீனாள். அதே பங்களாவில் அறை பெருக்கி, விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. மேடைக்குப் பின்னால், சமையற்கட்டுக்குப் போகும் நடையில் ஒரு பச்சைத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

"செபமாலை சொல்ற வாயிங்க இது. துலுக்கச் சொல்லு நொழையுமா?"

"ஒரே ஒரு சொல்லுதானடி. பாட்டு முழுசும் நானில்ல தொண்ட கிழியப் பாடுறேன்!"

"ஆமா, ஒங்க தொண்டைக்கு என் சொல்லு முட்டுக் குடுக்கணுமாக்கும்" என்று சிரித்தாள்.

விரிப்புகளை அலசிக்கொண்டே மூன்று நாள் பழகினாள். நாலாம் நாள் அவள் சொன்ன 'முகர்ரர்' என் பாட்டைவிட நன்றாக இருந்தது. அவளை ஏன் முன்வரிசையில் உட்கார வைக்கவில்லை என்று அவள் கேட்டதில்லை. யூனிபார்ம் போட்டவள் முன்னால் இருந்தால் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று மேனேஜர்கூடச் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஆடி மாதம். 'ஒருமுறை கூப்பிடு, சொர்க்கத்தையும் விட்டு எழுந்து வருவேன்' என்று ஒரு முதல் வரி. இரண்டாவது வரியில் ஏன் வர முடியவில்லை என்று கவிஞன் சாக்குச் சொல்வான். முதல் வரியை நிறுத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாடினேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் பாடினேன். ஏழு முறை. கடைசியில் குரல் காற்றுப்போல வந்தது. இன்றைக்கு உருகிவிட்டாள் என்று நினைத்தேன். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கச்சேரி நடக்கும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உயிர்விட்டவளுக்கு, நான் அனுமதித்திருந்த சொல் 'முகர்ரர்' ஒன்றுதான்.

நான் ஏழு முறையும் அழகாகப் பாடினேன்.

அதற்கப்புறம் பாடவில்லை. போன வாரம் மேனேஜர் பழனிச்சாமி போன் செய்தார். கொல்லங்கோட்டுக்காரர், பொய் பேசத் தெரியாது.

"ஏனுங் மிக்கேலண்ணா, எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. தெனமும் நாலு மணிக்குத் திரைக்குப் பின்னால அக்கா சத்தம் கேக்குதுங்க. பாட்டே இல்லீங்க. அவங்க மட்டும் கேட்டுட்டே இருக்காங்க."

ஒரு வருடமாக.

வந்ததும் திரையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டூல், சுவர், ஈர வாடை. அவ்வளவுதான். ஆனால் வெறுமனே போய்ப் பார்ப்பது பெரிய காரியமில்லை. பாடிக்கொண்டிருக்கும்போது, பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். நான் செய்யாதது அதுதான். இன்று செய்துவிடுவது என்று வந்திருந்தேன்.

மழைக்காக ரிசார்ட்டை மூடியிருந்தார்கள். காலி நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலையைத் தின்றுகொண்டிருந்தது. மணி நாலு. ஆர்மோனியத்தைத் திறந்து அந்த முதல் வரியைப் பாடினேன். நிறுத்தினேன்.

தகரக் கூரையில் மழைச் சத்தம்.

யூக்கலிப்டஸ் தைல வாசனை வந்தது. நெஞ்சுவலி வந்தால் அவள் தேய்த்துக்கொள்வது.

"முகர்ரர்."

ஜின்சனின் கை தபலா மேல் அப்படியே நின்றது. "அண்ணே..." என்றான். "மதினிண்ணே."

எழுந்தேன். கால் வந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம். திரையை விலக்கி உள்ளே போனேன்.

"கத்தரீனா, வந்துட்டேம்மா."

யாருமில்லை. ஸ்டூலைத் தொட்டேன். சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறை. கண்ணுக்கு நேரே திரையில் விரல் நுழையும் அளவு ஓட்டை. அவள் போட்டதாகத்தான் இருக்கும். கண்ணை வைத்துப் பார்த்தேன்.

மேடையில் ஒரு முதுகு தெரிந்தது.

என் ஜிப்பா. என் வழுக்கை. ஆர்மோனியம் மூச்சு வாங்கியது. என் குரல் அந்த வரியைப் பாடியது.

இடது தோளிலிருந்து வலி இறங்கியது. யாரோ நெஞ்சின் மேல் உட்காருவதுபோல. "ஜின்சா" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"முகர்ரர்" என்றுதான் வந்தது.

அந்தத் தலை பெருமையாக ஆடியது. மறுபடியும் பாடியது.

"முகர்ரர்."

மறுபடியும். இன்னும் அழகாக.

அவன் திரும்பவேயில்லை.

அடிமாலியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தேன். பக்கத்தில் ஜின்சன். நான் உள்ளே போனதும் தொப்பென்று சத்தம் கேட்டதாம், ஓடி வந்து தூக்கினானாம். மேடையில் யாரும் பாடவில்லை என்றான். நான் வாதாடவில்லை. அவள் ஏழு முறையும் எதைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள் என்று தெரிந்துவிட்டது. இனிமேல் என்ன வாதம்?

ஐந்தாம் நாள் சாயங்காலம் பழனிச்சாமி போன் செய்தார்.

"ஒடம்பு தேவலைங்களாண்ணா? ஆஸ்பத்திரியில இருந்து வந்ததைச் சொல்லவே இல்லீங்களே! பாட்டுக் கேட்டுத்தான் எட்டிப் பாத்தேன். இருட்டுல லைட்டுக்கூடப் போடாம... ஏனுங்ணா, நாற்காலிப் பக்கம் முதுகைக் காட்டிட்டு, திரையப் பாத்து உக்காந்து பாடறீங்க?"

கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைப் பார்த்தேன்.

"அவ கேக்குறாளா?" என்றேன்.

"இல்லீங்ணா. நாலு நாளா அக்கா சத்தமே காணோங்க." பிறகு ரகசியக் குரலில், "அண்ணா, நீங்க இப்ப எங்கிருந்து பேசறீங்க?"

அவருக்குப் பின்னால், போனுக்குள், என் குரல் முதல் வரியை முடித்தது. நிறுத்தியது. காத்திருந்தது.

யாரும் கேட்கவில்லை.

அது அதே வரியை மறுபடியும் பாடியது.