கடைசியாக வந்தவருக்கு இடம்

கதவுக்கு உட்பக்கம் நான்கு ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. குடிலுக்குள் ஆள் இல்லை.

ஹில்கா அதைக் கவனித்தாள். ஆனால் நின்று யோசிக்க முடியவில்லை. கணவனின் பாதி எடை அவள் தோளில் இருந்தது. ஓடையைத் தாண்டும்போது ஆர்வோ கல் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்து முழங்காலை முறுக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்து இங்கே வருவதற்குள் மதியம் மாலையாகிவிட்டது. வாசற்படியில் அவனை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டு, பின்னாலேயே அவளும் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

இரும்பு அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மேசையில் பாதி குடித்த காபிக் குவளைகள். சுவர் ஆணிகளில் நான்கு முதுகுப்பைகள்.

"பக்கத்துல எங்கயாவது பழம் பறிக்கப் போயிருப்பாங்க," என்றான் ஆர்வோ. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"பூட்ஸ் போடாமயா?"

"இளவட்டங்க. அதுங்க எதுவும் செய்யும்."

வெட்டிய விறகும் சீவிய சிராய்களும் அடுப்படியில் தயாராக இருந்தன. யார் வேண்டுமானாலும் தங்கிப்போகும் பொதுக்குடில்; போகிறவர்கள் வருகிறவர்களுக்காக வைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். ஹில்கா தீயை மூட்டினாள். இருவருடைய பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்து, அவனுடைய ஈரத்துணிகளை உரித்துப் போட்டு, உலர்ந்த கம்பளிக் கால்சட்டையை மாட்டிவிட்டு, இரண்டு பேருடைய தூக்கப்பைகளையும் அவனைச் சுற்றிப் போர்த்தி, அடுப்பை ஒட்டிய பெஞ்சில் உட்காரவைத்தாள். அவள் விரல்களும் மரத்துப் போயிருந்தன. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. விடிந்ததும் மேட்டில் ஏறி உதவிக்கு அழைக்க வேண்டும். அதுவரை ஆர்வோ இந்த அடுப்பை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. நகர்ந்தால் செத்துவிடுவான். அவளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

சின்ன ஜன்னலுக்கு வெளியே கடைசி வெளிச்சம் குன்றுச் சரிவில் படுத்திருந்தது. இதைப் பார்க்கத்தானே தெற்கே இருக்கிற லாஹ்தியிலிருந்து ரயில் ஏறி, பஸ் மாறி, ஒவ்வொரு செப்டம்பரும் லாப்லாந்துக்கு வருகிறார்கள்! ஊரில் மேப்பிள் மரங்கள் மஞ்சளாக இன்னும் வாரங்கள் ஆகும். இங்கே முதலில் வந்துவிடும் ருஸ்கா, இலைகள் நிறம் மாறும் பருவம். முழங்கால் உயரத்துக் குட்டைப் பிர்ச்சுச் செடிகள் ரத்தச் சிவப்பாக, நடுவே ஆரஞ்சும் செம்புமாக, வானம் தொடும்வரை எரிந்துகொண்டிருக்கும். பிறகு குளிர் தெற்கே இறங்க இறங்க நிறமும் கூடவே இறங்கி, அக்டோபரில் இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேரும். ஒரே இலையுதிர்காலத்தை இரண்டு தடவை தின்கிற பேராசைக்காரர்கள் என்று மகள் கேலி செய்வாள். ஆர்வோவுக்கு அந்தக் கேலியில் தனிப் பெருமை.

இன்றைக்கு அந்தச் சிவப்பை ஹில்காவால் ரசிக்க முடியவில்லை. காற்றே இல்லாமல் சரிவின் நடுவில் மட்டும் செடிகள் அசைவது போலிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது. மேசை விளக்கை ஏற்றினாள்.

கதவு தட்டப்பட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைக்குடிலின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பூட்டே கிடையாது. திறந்துகொண்டு வருவார்கள், அவ்வளவுதான்.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட நெட்டையான ஆள் ஒருவன் நின்றான்.

"இடம் இருக்கா?"

"ஏன் இல்லாம! உள்ள வாங்க, சூடு வெளிய போகுது பாருங்க," என்றான் ஆர்வோ. அந்த நிலையிலும் குரலில் உற்சாகம். கடைசியாக வந்தவனுக்குத்தான் குடிலில் முதல் உரிமை, இளைப்பாறியவன் எழுந்து இடம் விட வேண்டும் என்பது வடக்கே நடக்கிறவர்கள் எல்லாரும் மதிக்கிற சட்டம். ஆர்வோவுக்கு அது வேதம். ஒருமுறை தான் முன்னால் வந்து படுத்துவிட்டதற்காக, பின்னால் வந்தவனுக்கு இடம் விட்டு, கொட்டும் மழையில் எழுந்து வெளியே போய்க் கூடாரம் அடித்துப் படுத்தவன். அந்தக் கதையை ஹில்கா கேட்டுக் கேட்டுப் புளித்திருந்தாள்.

நெட்டையன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். காலில் வெறும் காலுறை. நனைந்து, சேறு ஏறி, குதிகாலில் கிழிந்திருந்தது. அவனோடு ஒரு வாடை வந்தது. சதுப்பு நிலத்தின் அடியில் கிளறியதுபோல, அழுகின இலையும் துருவும் கலந்த வாடை. அடுப்புச் சூட்டில் அது ஏறியதே தவிர குறையவில்லை.

ஹில்கா அடுப்பில் ஏற்றியிருந்த காபியை ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"அந்த பூட்ஸ் உங்களுதா?" என்றாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசாமலிருந்தது பெரிய விஷயமில்லை. இந்த நாட்டில் பேசாமல் இருப்பவனை யாரும் திமிர் பிடித்தவன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் மூச்சும் விடாததுபோல இருந்தது. குளிரில் நடந்து வந்தவனுக்கு மூக்கு ஒழுகும், மூச்சு இரைக்கும். இவன் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

மறுபடி தட்டும் சத்தம்.

சிவப்பு ஜாக்கெட் போட்ட பெண். "இடம் இருக்கா?" ஆர்வோ நகர்ந்து உட்கார்ந்தான். அவளும் வெறும் காலுறையோடு. சின்னப் பாதம். வரிசையில் கடைசியாக இருந்த சின்ன பூட்ஸுக்கு அளவெடுத்ததுபோல. அவள் கன்னத்தில் ஒரு பிர்ச் இலை ஒட்டியிருந்தது. சிவந்த, நரம்போடிய இலை. பாவமே என்று ஹில்கா விரலால் எடுக்கப் போனாள்.

இலை வரவில்லை. அது இலையே இல்லை. தோல்தான் அப்படி நிறம் மாறியிருந்தது.

ஹில்கா கையை இழுத்துக்கொண்டாள். ஆர்வோவின் காதருகே குனிந்தாள். "இவங்க சரியில்ல. இவங்கள வெளிய போகச் சொல்லு."

"பைத்தியமா உனக்கு? கடைசியா வந்தவங்கள யாராவது வெளிய அனுப்புவாங்களா?"

"அந்தப் பொண்ணு முகத்தப் பாருடா!"

"குளிர்ல எல்லாருக்கும்தான் முகம் செவக்கும்."

அவன் பற்கள் அடிப்பது நின்றிருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நடுங்குகிற உடம்பு இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்றால் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது தட்டு. இளைஞன். விரல்கள் பத்தும் எலுமிச்சை மஞ்சள், நுனியில் பழுப்பு. மேசையோரம் இருந்த கடைசி இடத்தில் அமர்ந்தான். வாடை கெட்டியாகிவிட்டது. விளக்கின் சுடர் சிறுத்தது. மூன்று பேருடைய கண்களும் அடுப்பில் இருந்தன. ஆனால் யாரும் கையை நீட்டிக் காயவில்லை.

நான்காவது தட்டு.

ஹில்கா எழுந்திருக்கவில்லை. கதவு தானே திறந்தது. தாடிக்காரக் கிழவர் ஒருவர். "இடம் இருக்கா?"

இடம் இல்லை. பெஞ்சு நிரம்பிவிட்டது. மேலே படுக்கும் பலகையில் அந்த நான்கு பேருடைய தூக்கப்பைகள், யாரும் தொடாமல், விரித்தபடியே கிடந்தன.

"முதல்ல வந்தது யாரு?" என்றார் கிழவர்.

எல்லாரும் ஆர்வோவைப் பார்த்தார்கள்.

"இவருக்குக் கால் முறுக்கிக்கிச்சு," என்றாள் ஹில்கா. குரல் கீச்சிட்டது. "நனைஞ்சு போயிட்டாரு. இவரால முடியாது. நான் போறேன். நான் வெளிய நிக்கிறேன், இவர் இருக்கட்டும்."

"நான்தான் முதல்ல நுழைஞ்சேன்," என்றான் ஆர்வோ. போர்த்தியிருந்த தூக்கப்பைகளை விலக்கினான். "நீ எனக்குப் பின்னாலதான் வந்தே."

"வாய மூடு! உட்காரு!"

"சட்டம்னா சட்டம், ஹில்கா. எனக்கு இப்ப குளிரல. நெஜமாத்தான். உடம்பு கதகதன்னு இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னான். ஹில்கா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். கெட்ட வார்த்தையில் திட்டினாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வீங்கின கால் தரையில் இழுபட்டது. கம்பளிக் கால்சட்டையோடு, தலையில் தொப்பிகூட இல்லாமல், கதவு வரை போனான்.

"ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

பின்னாலேயே ஓடினாள். சிவப்பு ஜாக்கெட்காரி ஒரு கையையும் நெட்டையன் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனம் இல்லை. அக்கறையாக, பஸ்ஸில் விழப்போகிறவளைத் தாங்குவதுபோல. ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர் எலும்பில் இறங்கியது.

"உட்காருங்க," என்றாள் அந்தப் பெண். "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

ஹில்கா கத்தினாள். ஆர்வோ. ஆர்வோ. தொண்டை கிழிந்தது. வெளியே சத்தம் இல்லை. காலடி இல்லை. விறகு வெடித்தது. காபி கொதித்து வழிந்து இரும்பில் கருகியது. யாரும் எழுந்து எடுக்கவில்லை. கத்தித் தீர்ந்து, ஆர்வோ இருந்த இடத்தில் அவள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இனி ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவன் இந்த அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது.

அவளைப் பிடித்திருந்த கைகள் விலகின. பாய்ந்து போய்த் திறந்தாள்.

ஆர்வோ.

"வந்துட்டியா! கடவுளே, வந்துட்டியா!" கட்டிப்பிடித்தாள். கல்லைக் கட்டிப்பிடித்ததுபோல இருந்தது. அவன் கைகள் தொங்கின. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்திருந்தது. ஆரஞ்சு. செம்பு. சரிவின் நிறம் அத்தனையும். அழகாக இருந்தது. அப்படி ஓர் அழகை அவள் எந்த செப்டம்பரிலும் பார்த்ததில்லை.

அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான்.

"இடம் இருக்கா?"

பெஞ்சில் நால்வர். அவள் இருந்த இடம் காலி. அடுப்பை ஒட்டிய இடம்.

"முதல்ல வந்தது யாரு?" என்றான் ஆர்வோ. யாரோ தெரியாதவளிடம் கேட்பதுபோல.

ஹில்கா அவன் முகத்தைத் தேடினாள். நாற்பது வருஷம் பார்த்த முகம். அதில் அவள் இல்லை.

"நான்தான்," என்றாள். "உள்ள போ. அடுப்புகிட்ட உட்காரு. நல்லா நெருங்கி உட்காரு."

அவன் போனான். நெட்டையன் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டான். ஆர்வோ உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

நிலா ஏறியிருந்தது. சரிவு முழுக்க ஆட்கள் நின்றார்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, உச்சிவரை. பழைய தொப்பிகள், புதிய ஜாக்கெட்டுகள், ஒரு தாயின் இடுப்பில் குழந்தை. ஒருவரும் நடுங்கவில்லை. எல்லாரும் குடிலின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹில்கா காலுறையோடு உறைபனியில் இறங்கி நடந்தாள். அவள் நெருங்கியபோது ஆளுக்கு ஓரடி ஒதுங்கி, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள்.