ஒரே ஒரு எக்ஸலண்ட்

காலை 8.40. ஆங்கில அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடி. கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் தலைமை ஆசிரியரின் அறைக் கதவைத் திறந்து, துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

ஆசிரியர் நாற்காலியில்தான் இருந்தார். தலை மட்டும் மேஜைமேல் சாய்ந்து கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில், வயிற்று வலிக்காகத் தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் குடிக்கும் கசப்பு டானிக் திறந்தபடி இருந்தது.

9.15. பெண் இன்ஸ்பெக்டர் டானிக் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், உடனே விலக்கினார். பூச்சி மருந்து. அகராதிச் சொற்களை எழுதிவைக்கும் சீட்டுகளைப் பூச்சி அரிக்காமலிருக்க வாங்கிய டப்பா வெளியறை அலமாரியில் இருந்தது. அதற்குப் பூட்டு இல்லை. யார் கைக்கும் எட்டும்.

"நேத்து சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழுக்குள்ள போயிருக்கார்" என்றார் போலீஸ் டாக்டர். செத்தவருக்கு மனைவி, மக்கள் கிடையாது. வரவில்லையே என்று தேட வீட்டில் ஆளில்லை.

அறைக்குள் சகஜமாகப் போய்வருகிறவர்கள் இரண்டே பேர். முதலில் மெய்ப்புத் திருத்தும் பெண்மணி வந்து உட்கார்ந்தாள்.

"அவரைப் பிடிக்குமா உங்களுக்கு?"

"பிடிக்காது."

"ஏன்?"

"போன வருஷம் ஒரு எழுத்தை விட்டுட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு, என்னை நடுவுல நிக்கவச்சு, அந்தப் பக்கத்தை நாப்பது தடவை சத்தமா படிக்கச் சொன்னார். அன்னைக்குன்னு பார்த்து என் பொண்ணு சாப்பாடு கொண்டு வந்திருந்தா. அவளும் நின்னு கேட்டா."

"இப்ப அழுகை வரலையா?"

"வரல மேடம். வரவச்சுக்கணுமா?"

நேற்று 4.45க்கு அன்றைய சீட்டுகளை அவர் மேஜையில் வைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பியதாகச் சொன்னாள். 5.15க்கு அவர் சிவப்புப் பேனாவை எடுப்பார். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். 'குட்' என்றால் திரும்ப எழுது. 'ஃபைன்' என்றால் கிழித்துப் போடு.

"'எக்ஸலண்ட்' போடமாட்டாரா?"

"யாருக்கும் போட்டதில்ல. உதாரண வாக்கியத்துல 'வெரி எக்ஸலண்ட்'னு யாராவது எழுதினா, 'உச்சிக்கு மேல எதுக்குடா ஏணி'ன்னு கேட்டுச் சீட்டை மூஞ்சியில விட்டெறிவார். அவர் யாருக்கு அந்தச் சொல்லைப் போடுறாரோ, அவருக்கு அப்புறம் அந்த ஆளுக்குத்தான் நாற்காலின்னு முதலாளியம்மா சொல்லியிருந்தாங்க. அதுக்காகவே போடாம வச்சிருந்தார்."

"இப்ப போட்டிருக்கார்போல."

"அப்படித்தான் காலையிலேர்ந்து பேசிக்கிறாங்க" என்று எழுந்து போனாள்.

9.50. துணையாசிரியர். புதுச் சட்டை, சிவந்த கண்கள். மேஜையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவர் எழுதிய சீட்டுதான். 'சூப்பர்ப்' என்ற சொல்லுக்கான பதிவு: பொருள், பயன்பாடு, அதே பொருளுடைய சொற்களின் வரிசை. ஓரத்தில் சிவப்பு மையில் 'எக்ஸலண்ட்'.

"பத்தொன்பது வருஷம் மேடம். கடைசி நாள்லயாவது மனசு வந்துச்சே."

"இதை எப்ப பார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலையில. கதவைத் திறந்ததுக்கு அப்புறம்."

"நேத்து?"

"அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். திரும்பி வரவே இல்ல."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். பிறகு குப்பைக்கூடையைக் கவிழ்த்து, பழைய சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

10.20. துணையாசிரியரின் மனைவி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையில், பூப்போட்ட உறை தைத்த ஒரு சின்ன மெத்தை. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"யாருக்கும்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவருக்குத்தான். பெரியவரோடது வெறும் கட்டை நாற்காலியாம். இவருக்கு முதுகு தாங்காது. விடியறதுக்குள்ள தைச்சு முடிச்சேன்."

"உங்களுக்கு எப்பச் சொன்னாரு?"

"நேத்து ஆறு மணி இருக்கும். பஸ் ஸ்டாப்புலேர்ந்து போன் பண்ணாரு. 'குடுத்துட்டாருடி'ன்னு ஒரே அழுகை. 'நாளைக்குக் காலையில அந்த நாற்காலியில நான்தான்'னாரு." அப்போதுதான் அறைக்குள் இருந்த துணி மூடிய உருவம் அவள் கண்ணில் பட்டது. "என்னங்க... என்ன ஆச்சு இங்க?"



10.30. இன்ஸ்பெக்டர் துணையாசிரியருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அஞ்சே காலுக்கு மேல எழுதின சொல்லு, ஆறு மணிக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப நீங்க திரும்பி வந்திருக்கீங்க. சரி, அது பயத்துல சொன்ன பொய்யின்னே வச்சுக்குவோம். ஆனா அவருக்கு அப்புறம்தானே உங்களுக்கு நாற்காலி? அது நாளைக்கே காலியாகும்னு யார் சொன்னா?"

மனைவி மெத்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். துணையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பயமில்லை; பெருமைகூடத் தெரிந்தது.

"டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு வந்தேன். அவர் கை கழுவப் போயிருந்தார். என் சீட்டு மேலேயே கிடந்துச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பார்த்தேன். அந்த ஆளைப் பத்தி எனக்குத் தெரியும் மேடம். காலையில வந்ததும் அந்தச் சொல்லை அடிச்சிடுவார். அடிச்சிட்டு, நான் பார்த்தேனான்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பார். அதான்... அவர் அடிக்கறதுக்கு முன்னாடி, டானிக்ல கலந்து நான் முந்திக்கிட்டேன். என்னைத் தூக்குல போடுங்க. அவர் எனக்கு அதைக் குடுத்தார். அதை யாரும் எடுக்க முடியாது."

 இன்ஸ்பெக்டர் குப்பைக்கூடைச் சீட்டுகளை அவர் முன்னால் வைத்தார்.

"இதெல்லாம் அவர் போட்ட மார்க். 'ஃபைன்', 'குட்'. எல்லாம் பெரிய எழுத்துல ஆரம்பிக்குது, முற்றுப்புள்ளியில முடியுது. ஒண்ணுகூடத் தப்பல. இப்ப உங்க சீட்டைப் பாருங்க."

துணையாசிரியர் குனிந்தார்.

"சின்ன எழுத்து. கடைசியில கமா. நீங்க எழுதின வரிசையில ரெண்டாவது சொல்லுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பாருங்க, சிவப்புல செருகல் குறி. இது பாராட்டு இல்ல சார். 'சூப்பர்ப்'புக்கு இணையான சொற்கள்ல நீங்க எழுதாம விட்டது. சேர்க்கச் சொல்லியிருக்கார்."



இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற மெய்ப்புக்காரப் பெண்மணியைப் பார்த்தார். "காலையில இதை நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"இவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தார். எவ்வளவு நேரம்தான் இருப்பார்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

துணையாசிரியர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் விரல் தான் எழுதிய வரிசையின் மேல் சொல் சொல்லாக நகர்ந்தது. கடைசிவரை போய், திரும்பி முதலிலிருந்து வந்தது. செருகல் குறியில் நின்றது.

"ஆமா" என்றார் மெல்ல. "அது இல்லாம எப்படி அனுப்பினேன்? சரியாத்தான் திருத்தியிருக்கார்."

பிறகு விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.