மூன்றாவது விடுதி

சோப்பு ஈரமாக இருந்தது.

முகம் கழுவக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாரமாக யாரும் தங்காத அறை என்று கீழே மேலாளர் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வெள்ளைச் சோப்பு கொழகொழத்து, ஓரத்து நுரை இன்னும் உடையாமல், இப்போதுதான் யாரோ தேய்த்துவிட்டு வைத்ததுபோல இருந்தது. அதன்மேல் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. தன்னுடையதாக இருக்குமோ என்று பார்த்தாள். அவள் இன்னும் குனியவே இல்லை.

வேறு சமயமாக இருந்தால் உடனே மகனைக் கூப்பிட்டிருப்பாள். இன்று வாயைத் திறக்க முடியாது. காலையிலிருந்து இரண்டு விடுதிகளை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முதல் இடத்தில் படுக்கை விரிப்பில் வியர்வை நாற்றம். இரண்டாவதில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் மூக்கில் இடித்தது. இரண்டையும் வாசலில் நின்றே ஊருக்குக் கேட்கும்படி சொன்னாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தே ஓய்வு பெற்றவள். மெதுவாகப் பேச வராது.

"அத்தை அனவுன்ஸ்மென்ட் குடுத்துட்டாங்க. வண்டிய எடுங்க," என்றாள் மருமகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பா போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாய், நாலு இடம் பார்த்தால் மனசுக்கு மாறுதலாக இருக்கும் என்று மகன்தான் அழைத்து வந்தான். ஆனால் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்ததைத் தூக்கம் என்று நினைத்து மருமகள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. "மூணு நாள்தானேங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்." மகன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

இந்த மூன்றாவது இடம் கார் நுழைய முடியாத சந்தின் கோடியில் இருந்தது. உயரமான பழைய கட்டிடம். மேலாளர் மகனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தையற்காரர் கண்ணாலேயே அளவெடுப்பதுபோல அவளைத்தான் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அம்மாவுக்குப் பிடிச்சாப் போதும் சார்," என்றார்.

"என்னம்மா?" என்றான் மகன். அந்த ஒரு சொல்லில் அத்தனை சலிப்பு.

"பிடிச்சிருக்குடா. நான் இங்கயே இருந்துக்கறேன்."

மேலாளர் சாவியை நீட்டினார். மகனும் மருமகளும் பெட்டிகளை எடுத்துவரக் காருக்குத் திரும்பிப் போனார்கள். அவள் மட்டும் மாடி ஏறினாள்.

சோப்பை வைத்துவிட்டு, முகத்தில் வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் திரைச்சீலையின் நெசவு வழியே கசிந்து தரையில் மஞ்சளாகக் கிடந்தது. எங்கோ குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தமும், மூடிக்கிடந்த அலமாரியின் பழைய மர வாசமும், அதற்கடியில் யாரோ பூசிக்கொண்ட பவுடரின் மெல்லிய வாசமும் அறையில் நிறைந்திருந்தன. அது அவள் பூசும் பவுடர். அவள் இன்று பூசியிருக்கவில்லை.

மெத்தையில் ஊன்றிய கையை எடுத்தாள். உட்கார்ந்த இடம் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்து இடம் சூடாக இருந்தது.

எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டாள். கைப்பையையும் சால்வையையும் கட்டிலிலேயே விட்டுவிட்டு, போனை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

வராந்தாவின் முனையில், அடைத்த ஜன்னலருகே ஒரு நாற்காலியில் வயதான பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை கம்பளிச் சட்டை.

"புதுசா வந்திருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்மணி.

"ஆமாங்க. பையன் பெட்டி எடுத்துட்டு வரப் போயிருக்கான்."

"என் பொண்ணும் வண்டி எடுத்துட்டு வரத்தான் போயிருக்கா. இப்ப வந்துருவா."

"எப்பப் போனாங்க?"

பெண்மணி யோசித்தாள். "அப்பக் குளிரா இருந்துச்சு," என்றாள்.

நாற்காலியின் கையைப் பற்றியிருந்த அந்தப் பெண்மணியின் விரல்களை அப்போதுதான் கவனித்தாள். வெட்டாத நகங்கள் வளர்ந்து, வளைந்து, மரத்தின் அடிப்பக்கம்வரை சுருண்டிருந்தன.

"சோப்பு ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டாள் பெண்மணி.

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். தலையை மட்டும் ஆட்டினாள். பெண்மணி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அறைக்கு ஓடினாள். கட்டில்மேல் அவளுடைய கைப்பை திறந்து கிடந்தது. சீப்பு வெளியே. சால்வையைக் காணவில்லை.

போன் அதிர்ந்தது. மகன்.

"அம்மா, எங்க இருக்க?"

"ரூம்லதான்டா. சீக்கிரம் வாடா."

"விளையாடாதம்மா. நாங்க ரூம்லதான் நிக்கறோம். நீ இல்லையே."

அவள் சுற்றிப் பார்த்தாள். கட்டில். அலமாரி. திரைச்சீலை. கதவு திறந்திருந்தது. யாருமில்லை.

"இங்கதான்டா இருக்கேன்!"

"ஹலோ? அம்மா? ஒண்ணும் கேக்கல."

"இதுவும் பிடிக்கலன்னு கெளம்பிட்டாங்களோ என்னவோ," என்றது மருமகளின் குரல், தூரத்தில். அதைச் சொல்லி முடித்தபோது, அவள் கண்ணெதிரே மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது. ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

போனுக்குள் ஒரு கதவு திறந்தது.

"அட, இங்கதான் இருக்கியா? இப்பதானே போன்ல பேசின?"

"பாத்ரூம்ல இருந்தேன்டா. மூஞ்சி கழுவிட்டிருந்தேன்."

அது அவள் குரல். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் பலருக்கு அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரியும். நடைமேடைக் கூரைகளிலிருந்து ஒவ்வொரு நாளும் தன் காதிலேயே விழுந்த குரல். ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்தக் குரல் மெதுவாகப் பேசியது.

"வீட்டுக்கே போயிடலாமாடா? என்னால உங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு அலைச்சல்? நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"சரிம்மா," என்றான் மகன்.

அத்தனை பிரியமான ஒரு 'சரிம்மா'வை அவள் கேட்டு வருடக்கணக்காயிற்று. "டேய், அது நான் இல்லடா," என்று கத்தினாள். இணைப்பு அறுந்தது. மெத்தையின் அமுங்கல் நிமிர்ந்தது.

வராந்தாவுக்கு ஓடினாள். படிக்கட்டில் இறங்கினாள். இறங்கி முடித்த இடத்தில் அதே வராந்தா இருந்தது. அதே நாற்காலி. மறுபடி இறங்கினாள். அதே வராந்தா.

ஜன்னல்.

அறைக்குள் பாய்ந்து திரைச்சீலையைப் பிய்த்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீழே சந்தில், மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மகன். மருமகள். நடுவில், அவளுடைய சால்வையைப் போர்த்திய ஒரு முதுகு. அந்த முதுகின்மேல் மருமகள் கை வைத்திருந்தாள். மகன் குனிந்து ஏதோ சொன்னான். மூவரும் சிரித்தார்கள்.

கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும். மகன் பெயரைச் சொல்லி அலறினாள்.

மகன் நின்றான். திரும்பினான். நேராக அவளுடைய ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். ஆளில்லாத ஜன்னலைப் பார்ப்பதுபோல, கண் சுருக்கி, ஒரு நொடி. பிறகு சந்து முனைக்கு ஓடிப்போய், அங்கே நின்ற காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். அவளுக்காக ஒருநாளும் பிடித்ததில்லை.

அது ஏறவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தபடி, சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்ல முகத்தை உயர்த்தியது.

அவளுடைய முகம். அவளுடைய நெற்றிச் சுருக்கம், அவளுடைய கண்கள். அது அவளை நேராகப் பார்த்தது. பார்த்துச் சிரித்தது. வாய் விரிந்துகொண்டே போனது. உள்ளே பற்கள். வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னும்.