இரண்டு படங்களுக்கு நடுவே

முட்டைக்கோஸ் இலையை மைக்கின் அருகே பிடித்து, நரம்போடு மெல்லக் கிழித்துக்கொண்டிருந்தாள் அவள். செடிகளின் வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படங்களில் வேர் மண்ணைத் துளைக்கும்போது கேட்கிற சத்தம் அதுதான். நிஜத்தில் வேர் சத்தம் போடாது. அதைச் செய்துகொடுப்பது அவள் தொழில். படம் பிடிப்பது அவள் கணவரின் தொழில். அவர் செம்பில் தண்ணீரோடு அறை வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வேர் இப்படிக் கத்துனா ஒரு தோட்டக்காரனும் தூங்கமாட்டான்."

"கத்தலேன்னா உங்க படத்தைப் பாக்கறவன் தூங்கிடுவானே."

"அதுவும் சரிதான்" என்று பின்னறைக்குப் போனார்.

பின்னறையில் பட்டப்பகலும் இருட்டுதான். ஜன்னல்களில் கறுப்புத் துணி. மேசைமேல் தொட்டி, அதில் ஒரு கொடி, அதன் வலப்பக்கம் ஊன்றிய குச்சி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளக்குகள் தாமாக எரியும், காமிரா ஒரு படம் எடுக்கும், மறுபடி இருட்டு. அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டால் வாரங்கள் நொடிகளாகும். அசையாதது போல இருக்கும் கொடி, கண் தெரியாதவர் கையை நீட்டி வழி தேடுவதுபோலக் காற்றைத் துழாவும். கடைசியில் அதன் பற்றுக்கம்பி குச்சியைத் தொட்டுச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியோடு படம் முடியும்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். ஷட்டர் சத்தம் கேட்ட பிறகே கதவைத் திறக்கலாம். கேட்காமல் திறந்து, அந்த நொடியில் படம் விழுந்துவிட்டால் வெளி வெளிச்சம் புகுந்து முழுக் காட்சியும் பாழாகும். உள்ளே போனவர் அடுத்த படத்துக்குள் வெளியே வரவேண்டும், இல்லையென்றால் காமிராவின் கண்ணில் படாத இடப்பக்க முக்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது காமிராவுக்குத் தெரியாது.

உள்ளே முக்காலி உருளும் சத்தம் கேட்டது. கூடவே செம்பு.

அவள் இலையைப் போட்டுவிட்டு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபடி நின்றாள். ஷட்டர் கேட்கட்டும் என்று நின்றாள். எத்தனையோ வருடப் பழக்கம், கை தானாக நின்றுவிட்டது. உள்ளே இன்னொரு சத்தம் வந்தது. மூச்சா, துணி தரையில் உரசுவதா, சத்தங்களையே தொழிலாகக் கொண்ட அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஷட்டர் கேட்டது. கதவைத் திறந்தாள்.

இதயம் என்றார் மருத்துவர். உடனே பார்த்திருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கதவருகே நின்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காட்சி பாழாகவில்லை.

வந்தவர்கள் வந்து, அழுதவர்கள் அழுது, எல்லோரும் போன பிறகு பின்னறையில் ஷட்டர் விழும் சத்தம் மட்டும் வீட்டில் மிச்சமிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இயக்குநர் தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கேக்கவே வாய் வரலம்மா. அந்தக் கடைசிக் காட்சி மட்டும் கிடைச்சிட்டா அவர் பேர்ல படத்தை முடிச்சிடலாம்."

"ஓடிட்டுதான் இருக்கு" என்றாள்.

கொடி குச்சியைப் பிடித்துவிட்டால், அன்று அவள் நின்றது அவருடைய கடைசி வேலையைக் காப்பாற்றுவதற்காக என்று ஆகும். பிடிக்காவிட்டால் சும்மா நின்றாள் என்று ஆகிவிடும். அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பில்லை. குளிப்பது, சாப்பிடுவது, யாராவது கேட்டால் பதில் சொல்வது, எல்லாமே மாடிப்படி ஏறுவதுபோல இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள் என்பதே ஒருநாள் உள்ளே போனபோதுதான் உறைத்தது. தொட்டிக்குள் விரலை விட்டாள்.

மண் ஈரமாக இருந்தது.

கணவரின் தம்பி கூடத்தில் படுத்துத் துணைக்கு இருந்தான். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தபடி கேட்டான்.

"அண்ணி, இதுல இருந்த முட்டைக்கோஸை எல்லாம் மைக்தான் சாப்பிட்டிருக்கும்போல. நீங்க எதாவது சாப்பிட்டீங்களா?"

"தம்பி, செடிக்கு நீங்க தண்ணி ஊத்துனீங்களா?"

"நானா? அந்த ரூம் பக்கம் தலை வச்சே படுக்கறதில்ல. தும்முனாக்கூட அண்ணன் திட்டுவாரு."

அண்ணன் இன்னும் இருப்பதுபோல 'திட்டுவாரு' என்றது இருவர் காதிலும் விழுந்தது. அவன் ஃபிரிட்ஜை மூடினான்.

"நீங்களே ஊத்திட்டு மறந்திருப்பீங்க அண்ணி. தூக்கமே இல்லாம எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அப்படித்தான் இருக்கும்" என்றாள். சந்தேகப்படவும் தெம்பு வேண்டும்.

அவன் வேலைக்குப் போன பிறகு, அதுவரை எடுத்த படங்களைக் கணினியில் ஓடவிட்டாள். மண் மெல்ல வெளுத்தது, ஓரத்தில் வெடித்தது, அடுத்த படத்தில் கறுத்து ஈரமாகியிருந்தது. நடுவில் குழி விழவில்லை. தொட்டியின் விளிம்பை ஒட்டி, விரல்களின் மேல் வழியவிட்டு ஊற்றினால்தான் மண் அப்படி நனையும். அவர் அப்படித்தான் ஊற்றுவார். ஈரமான ஒவ்வொரு முறையும் தொட்டி லேசாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

கொடி வட்டமிட்டது. குச்சியை நெருங்கியது, தொடப்போனது, விலகியது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு அதன் நுனி படத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. முக்காலி இருக்கும் பக்கம்.

ஷட்டருக்காகக் காத்திருந்து, கைவிளக்கோடு உள்ளே போனாள். நனைந்த மண்ணின் வாடை, விளக்குச் சூட்டில் கருகிய தூசியின் வாடை. முக்காலிக்கு மேலே வெறும் காற்றில் பற்றுக்கம்பி ஒன்று சுருண்டிருந்தது. எதையாவது தொட்டால்தான் அது இப்படிச் சுற்றிக்கொள்ளும். பிடி கிடைக்காதது தனக்குள்ளேயே இறுகி வற்றிவிடும். இது வற்றவில்லை. பச்சையாக, நடுவே ஒரு விரல் பருமனுக்கு இடம் விட்டுச் சுருண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

வெளியே ஓடிவிடலாம். ஓடினால் காட்சி?

கொடியின் நுனியை மெதுவாக விடுவித்து, குச்சியின் மேல் சாய்த்து வைத்தாள். அவர் பார்த்தால் ஒப்பமாட்டார். செடியைக் கையால் நகர்த்துவது அவருக்குத் திருட்டு. கைவிளக்கை அணைத்து, காமிராவின் பின்னால் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கொடி குச்சியைப் பிடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவுசெய்தாள். தெருவில் ஏதோ வண்டி பின்னோக்கி வருகிற சத்தமும், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தமும் கறுப்புத் துணிக்கு அப்பாலிருந்து கேட்டன. பகல் அங்கே நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

விளிம்பை ஒட்டி. விரல்களின் மேல் வழிந்து. அவசரமில்லாமல்.

"ஏங்க" என்றாள்.

விளக்கு எரிந்தது. ஷட்டர் விழுந்தது. முக்காலி காலியாக இருந்தது. கொடி குச்சியை விட்டுவிட்டு இடப்பக்கம் போயிருந்தது. இருட்டு.

அடுத்த சில நிமிடங்கள் ஒன்றுமில்லை. வண்டியின் சத்தம் நின்றிருந்தது. பாத்திரச் சத்தமும். அவள் மூச்சு மட்டும்.

விளக்கு. பற்றுக்கம்பிகள் காற்றில் ஏறியிருந்தன. ஒரு மணிக்கட்டின் சுற்றளவுக்கு. முழங்கை மடங்கும் இடத்தில் மடங்கி. தோள்வரை. முக்காலியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. உள்ளே யாருமில்லை. இருட்டு.

அது ஷட்டருக்காகக் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. காத்திருந்து, நடுவே வருகிறது.

அவர்தான் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் என்றால் பயமில்லை. அவர் என்றால் கேட்பார், ஏன் உடனே வரவில்லை என்று.

இலை கிழிவது போல ஒரு சத்தம். நரம்போடு, மெல்ல. அவள் செய்துகொடுக்கிற சத்தம். யார் கையிலும் இலை இல்லை. தரையிலிருந்து வந்தது.

விளக்கு. முக்காலியில் ஒன்றுமில்லை.

இருட்டு.

சத்தம் அருகே. இன்னும் அருகே. நின்றது.

ஈர மண்ணின் வாடை, முகத்தின் மேல்.

எழுந்திருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரம்தான். அசையாமல் இருப்பது எத்தனை எளிது என்று தோன்றியது. அசையாமல் இருப்பதைத்தான் கொடி பிடிக்கும்.

சுண்டுவிரலில் ஏதோ பட்டது. நூல்போல. குளிர்ச்சியாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குழந்தைகூட அறுத்துவிடலாம்.

அறுக்கவில்லை.

விளக்கு எரிந்தது. அவளுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் படும் தூரத்தில், பச்சைச் சுருள்கள் ஒரு முகத்தின் உயரத்துக்கு எழுந்து நின்றன. நடுவில் வாய் திறந்த அளவுக்கு ஓர் இடைவெளி.

காமிரா தன் படத்தை எடுத்துக்கொண்டது. மேசையின் வலப்பக்கம் குச்சி, ஊன்றியது ஊன்றியபடி, வெறுமையாக நின்றுகொண்டிருந்தது.