மூன்று குப்பி மயக்க மருந்து

காலை 11.10. நிலநடுக்கம் வந்து மூன்றாம் நாள். பள்ளிக்கூடத்தில் இயங்கிய அவசர மருத்துவமனையில், மிச்சமிருந்த மூன்று குப்பி மயக்க மருந்தையும் காணோம். மருந்தறைப் பூட்டு உடைபடவில்லை. பக்கத்து அறையில், நசுங்கிய காலோடு கொத்தனார் ஒருவர் அறுவைக்குக் காத்திருந்தார்.

"ஒரு மணிக்குள்ள காலை எடுக்கலைன்னா ஆளே போயிடுவார்," என்றார் மருத்துவர். "மயக்கம் கொடுக்காம எப்படிம்மா அறுக்கறது?"

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா முதலில் வாசலை அடைத்தார். "ஈ காக்கை வெளிய போகக் கூடாது."

சாவிகள் இரண்டு. ஒன்று தலைமை நர்ஸிடம், மற்றது மருந்தாளுநரிடம்.

11.25.

"கடைசியா உள்ள போனது யாரு?"

"நான்தான். ஒன்பதரைக்கு, குளுக்கோஸ் எடுக்க," என்றார் நர்ஸ். "அப்ப மூணும் இருந்துச்சு."

"நீங்க?"

மருந்தாளுநர் இடது கை மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இதை வெச்சுக்கிட்டா? இன்னிக்குக் காலையில மறுபடி அதிர்ந்தப்ப அலமாரி கை மேல விழுந்துடுச்சு. அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை. சிஸ்டரைக் கேளுங்க."

நர்ஸுக்கு முகம் சிவந்தது. மூன்று நாளாகக் கண் மூடாதவரைத் திருடி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்! தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

பைகள், படுக்கைகள், குப்பைத்தொட்டி என்று போலீஸ் சல்லடை போட்டுச் சலித்தது. ஒன்றும் சிக்கவில்லை. நேற்றுவரை பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

12.15. தாழ்வாரம் முழுக்கக் காயம்பட்டவர்கள். ஒவ்வொரு மாவுக்கட்டின் மேலும் பேனாவில் எலும்புப் படம், முறிவுக் கோடு, தேதி.

"என்ன டாக்டர், படம் வரைஞ்சு பழகறீங்களா?"

"சீட்டு எழுதினா தொலைச்சுடறாங்கம்மா. அதான் எது உடைஞ்சிருக்குன்னு கட்டு மேலயே வரைஞ்சுடறேன். நான் வரையாத கட்டே இங்க கிடையாது."

இன்ஸ்பெக்டரம்மா விறுவிறுவென்று மருந்தாளுநரிடம் போனார். அவருடைய கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இவர் கையை நீங்க பாத்தீங்களா டாக்டர்?"

"இல்லையே. சிஸ்டர் கட்டினாங்கன்னு நெனச்சேன்."

"நான் டாக்டர்னு நெனச்சேன்," என்றார் நர்ஸ்.

"ரெண்டு பேரும் கட்டலை. எல்லாத்தையும் சோதிச்சோம், அடிபட்ட கையை மட்டும் பாவம்னு விட்டுட்டோம். எடுத்தது இவர்தான். கட்டை வெட்டுங்க."

மாவு பிளந்தது. பஞ்சுக்கு நடுவே மூன்று குப்பிகள்.

மருந்தாளுநர் உடைந்துபோனார். "பின்தெருவுல என் தங்கச்சி இடிபாட்டுக்குள்ள இருக்கா. கால் மேல தூண் கிடக்குதாம். அவளை எடுக்கறப்ப மருந்து இருக்கணும்ல?"

இன்ஸ்பெக்டரம்மா ஒரு கணம் பின்தெருப் பக்கம் பார்த்தார். ஆனாலும் குப்பிகளை மருத்துவரிடம் கொடுத்தார்.

2.05. மருத்துவர் வெளியே வந்தார். "கொத்தனார் பிழைச்சுட்டார்."

"மருந்து?" என்றார் மருந்தாளுநர்.

"மூணும் தீந்துடுச்சுப்பா."

"அடுத்த மருந்து வண்டி எப்ப வரும்?"

யாருக்கும் தெரியவில்லை. அப்போது பின்தெருவிலிருந்து ஒரு குரல்: "பொண்ணு உயிரோட இருக்கு! ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது தலைமை நர்ஸ்தான்.